ஆறு மாதம் அடிபடாத முகம்

சிவபாலனை அடித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்கினார்கள்: கண்ணாடியில்.

மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் அவனுடைய சொந்தக் கையே முழங்கைக்கு அப்பால் மற்றவனுடைய கை. இது அடிக்கிறவனுக்கு எப்படியோ பார்த்தவுடன் விளங்கிவிடும். ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற இராணுவத்தான் துவக்குப் பிடியால் முதலில் அதைத்தான் தட்டினான். பிறகு ஆறுதலாக மிச்சத்தைப் பார்த்தான். இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து, சீசாப் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மத்தியானம், ஸ்கூட்டரில் வந்த இரண்டு பொடியள் அவன் தோள்பையைப் பறித்தார்கள். பை தோளில் சிக்கிக்கொண்டது. பையோடு அவனையும் பதினைந்து மீற்றர் தூரம் கல்தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, கண்ணாடி எங்கேயோ நொறுங்கி, போலீசில் போய் நின்றான்.

"ஆட்கள் எப்படி இருந்தார்கள்?" என்று கேட்டார்கள்.

"மங்கலாக இருந்தார்கள்" என்றான்.

முறைப்பாடு எழுதியவன் அதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது ஆள் றொனி. மன்னார்க்காரன், காப்போச் சந்தையில் ஒரு மீன்கடையில் வேலை. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி அவனுடைய உள்ளங்கை பலகையாகிப் போயிருந்தது. அந்தப் பலகையால் சிவபாலனை இரண்டு தடவை அறைந்திருக்கிறான். இரண்டு தடவையும் நியாயம் இருந்தது என்பதுதான் விமலராணியின் கட்சி. அவள் சிவபாலனின் மனைவி. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே எதிர்க்கட்சிக்கு வாதாடக்கூடியவள்.

"உங்களுக்கு ஒண்டைத் திருத்தவேணும்" என்பாள். "ஒண்டில் கண்ணை, ஒண்டில் வாயை. ரெண்டும் இப்பிடியே இருந்தால் நான் கெதியிலை வெள்ளைச் சீலைதான்."

சிவபாலனின் வாய் கடைவாய். யாழ்ப்பாணத்தில் துணிக்கடைக்குள் வளர்ந்தவன். வந்த ஆளை முதலில் சீண்டு, பிறகு சிரிக்க வை, சிரிப்பு அடங்குவதற்குள் துணியை வெட்டிக் கொடுத்துவிடு - அவன் படித்த வியாபாரம் அவ்வளவுதான். பலெர்மோவில் வெட்டிக் கொடுக்கத் துணி இல்லை. லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான சீமாட்டியைக் குளிக்க வார்த்து, சூப் பருக்கி, நடைக்குக் கூட்டிப்போகிற வேலை. ஆகவே சீண்டல் மட்டும் விற்பனையாகாமல் மிஞ்சியிருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து கொட்டினான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. பங்குக் கோவில் வளவில் கரப்பந்தாட்டம். பூசைக்கு வராத சைவக்காரர்களும் ஆட்டத்துக்கு வருவார்கள். சிவபாலன் நடுவர். கண் தெரியாதவனை நடுவராக்கியது அவனில் வைத்த நம்பிக்கையால் அல்ல. அவன் எந்தப் பக்கத்தில் விளையாடினாலும் அந்தப் பக்கம் தோற்கும் என்பதால். றொனிதான் முன்வரிசை அடிகாரன். ஆனால் சில மாதங்களாக வலது பக்கம் வரும் பந்துகளை அவன் காற்றில் தேடினான். அடி ஒரு சாண் தள்ளி விழும். அன்றைக்கு ஐந்தாவது பந்தும் அப்படித் தப்பியபோது, விசில் ஊதவேண்டிய சிவபாலன் வாயைத் திறந்தான்.

"றொனிக்கு வலப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை பூட்டு! திங்கள் கடை திறந்தாப் பிறகு பந்தைக் கொண்டு வாங்கோ!"

வளவே சிரித்தது. சுவரோரம் நின்று பார்த்த றொனியின் முதலாளி, மீன்கடைக்காரன், என்ன சொன்னான் என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டு, மொழிபெயர்ப்பு வந்ததும் அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் றொனியின் முகம் மாறியது. வலைக்குக் கீழே குனிந்து வந்தான். உள்ளங்கையை விரித்து ஒரே ஒரு அறை.

கண்ணாடி வில்லை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு இடது புருவத்துக்குள் போய் நின்றது. சிவபாலன் நாலு காலில் விழுந்து, இரத்தம் சொட்டச் சொட்ட, நிலத்தைத் தடவினான். ஒரு சப்பாத்து வந்து அவன் விரலுக்குப் பக்கத்தில் மிச்ச வில்லையையும் மிதித்து நெரித்தது. நறநறவென்ற அந்தச் சத்தம் அவனுக்குப் பல்லுக்குள் கேட்டது.

"தேடு, சோடாப் போத்தல், வடிவாத் தேடு" என்றான் றொனி. "பூட்டின கடையின்ரை திறப்பும் அங்கைதான் கிடக்கும்."

ஏழு தையல். தைத்து முடித்து வந்த அன்று சிவபாலன் முடிவெடுத்தான். அவனுக்கு உலகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற ஆசை எல்லாம் பெரிதாக இல்லை. ஒரு அடியாவது வரும்போதே தெரியவேண்டும். திருப்பி அடிக்கும்போது யாரை அடிக்கிறேன் என்று தெரிந்து அடிக்கவேண்டும். தட்டிவிட முடியாத கண் ஒன்று வேண்டும்.

அப்போதுதான் லேசர் என்ற சொல் பலெர்மோவில் பரவிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோராவின் மகள் கண் வைத்தியர். பொலிதேயாமாப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் செய்பவள். எல்லோருக்கும் டொத்தோரெஸ்ஸா, டொக்டரம்மா. கிழவி மகளை அழைத்து, "இவன் என் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை மூக்கால் வாசிக்கிறான். ஒரு நாளைக்கு எனக்கு நஞ்சு தருவான். இவனுக்கு ஏதாவது செய்" என்று உத்தரவு போட்டாள்.

பழைய கண் பரிசோதனைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டுவா என்று டொத்தோரெஸ்ஸா சொல்லியிருந்தாள். விமலராணி பத்திரங்களைப் போட்டுவைக்கும் பிஸ்கட் தகரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனான் சிவபாலன். அவள் அவன் நாடியை ஒரு தாங்கியில் வைத்து, இரண்டு கண்ணாலும் ஒரு இயந்திரத்துக்குள் பார்க்கச் சொல்லி, வளையம் வளையமாக ஏதோ படம் எடுத்தாள். பிறகு தகரத்தைக் கிளறினாள். ஒரு உறையைக் கண்டதும் நிமிர்ந்தாள். அது இன்னும் திறக்கப்படவில்லை.

உள்ளே இருந்ததை இரண்டு தடவை வாசித்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஒன்றரை வருடத்துக்கு முன் அரசாங்க ஆஸ்பத்திரியில் உங்கள் வலக் கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். கருவிழி மெலிந்து கூம்பாகிக்கொண்டு வருகிறது. ஆறு வாரத்தில் கட்டாயம் வரவும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அதே வலக் கண் பந்து மாதிரி உருண்டையாக, தடிப்பாக இருக்கிறது. கூம்பு திரும்ப உருண்டையாகாது. சாந்தா லூச்சியாவுக்கு நேர்த்தி ஏதும் வைத்தீர்களா?"

கண்களுக்குப் பொறுப்பான புனிதை அவள். சிவபாலன் சைவக்காரன். ஆனாலும் அந்த நேரத்தில் ஓம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கண் யாருடையது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் சீசாவில் றொனியும் அவர்களும் இருந்த கட்டடத்தில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருந்தது சிவபாலனுக்கு மட்டும். பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் காட்டும் லிப்ரெத்தோ கிடைக்கும். அது படம் ஒட்டாத ஒரு கடதாசிப் புத்தகம். ஒருவனுடைய லிப்ரெத்தோ கட்டடத்துக்கே பொது. சமையல் கட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். தேவைப்பட்டவன் எடுத்துக்கொண்டு போவான். அந்த லிப்ரெத்தோவின்படி சிவபாலனுக்கு இரண்டு தரம் குடல்வால் எடுத்திருந்தது. மூன்று வகை இரத்தம் ஓடியது. பிள்ளைப்பேறு ஒன்றுதான் பாக்கி. கண் சிவந்து வந்த றொனியும் ஒரு தரம் அதை எடுத்துக்கொண்டு போனான். பிறகு கடிதம் சிவபாலன் பெயருக்கு வந்தது. தனக்கு ஒன்றும் இல்லையே என்று பிரிக்காமலே விமலராணியிடம் நீட்டினான். அவள் தகரத்தில் போட்டாள்.

"என்னவோ பிழை நடந்திருக்கு" என்றான் சிவபாலன்.

"பிழை யாருடையது என்று தெரியாமல் நான் லேசரைத் தொடமாட்டேன். கூம்புக் கண்ணில் லேசர் பிடித்தால் கண் நாசம். இது உங்கள் கண் இல்லையென்றால், யாருடையது என்று வந்து சொல்லுங்கள். உங்களுக்காக மட்டும் அல்ல. அந்த ஆள் குருடாகிக்கொண்டிருக்கிறான்."

அவன் எழும்பினான். அவள் விடவில்லை.

"இன்னொன்று. உங்கள் இலக்கத்துக்குப் புது முறைதான் சரி. கண்ணின் மேற்படையை ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைப்போம். அந்த மூடி ஒருபோதும் பழையபடி இறுகாது. குத்துச்சண்டைக்காரனுக்கு நான் செய்வதில்லை. உங்கள் முகத்தில் யாரும் அடிப்பதுண்டா?"

"டொத்தோரெஸ்ஸா, அதுக்குத்தானே வந்தனான்."

அவள் சிரிக்கவில்லை. புருவத்துத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

லேசருக்கு இரண்டு பூட்டு. இரண்டுக்கும் திறப்பு றொனியிடம். வீட்டுக்கு வந்து விமலராணியிடம் சொன்னபோது அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"பாவி, இப்பவே போய் அவனுக்குச் சொல்லுங்கோ. கண் போகுதாம்!"

"சொல்லுவன். ஆனா முதல்லை ஒரு அடி."

"உங்களுக்கு விசரே?"

"என்ரை புருவத்திலை ஏழு தையல் கிடக்கு, ராணி. அவன்ரை வலப்பக்கம் இருட்டு எண்டு எனக்கு மட்டும் தெரியும். இப்பிடி ஒரு சரக்குக் கையிலை வந்தால் சும்மா தூக்கிக் குடுக்கிறதோ?"

செவ்வாய்க்கிழமை முற்பகல் காப்போச் சந்தைக்குப் போனான். பழைய கண்ணாடியைப் போட்டு, தலையைச் சுற்றி இலாஸ்ரிக்கால் இறுக்கிக் கட்டியிருந்தான். மீன்கடைக்குப் பின்னால் உடைந்த பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கிக்கொண்டான். ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கல்லில் தட்டி மடக்கினான். கொலைகாரன் என்று பெயர் எடுக்க அவனுக்கு விருப்பமில்லை.

றொனி வந்துகொண்டிருந்தான். இடது தோளில் ஐஸ் பெட்டி. அது அவனுடைய இடக் கண்ணை முழுக்க மறைத்திருந்தது. சிவபாலன் இரண்டு கை தூரத்தில், பலகையை ஓங்கியபடி, நேருக்கு நேர் நின்றான். றொனி அவனைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"சிஞ்ஞோரா," என்றான் மரியாதையான இத்தாலியனில், "குடையைக் கொஞ்சம் பதியப் பிடித்து வழி விடுங்கள்."

அந்த இடத்தில் சிவபாலனுக்குக் கை தளர்ந்திருக்கவேண்டும். தளரத்தான் பார்த்தது. ஆனால் கை ஓங்கியாயிற்று. ஏழு தையலும் ஒன்றாகக் கடித்தன. இறக்கினான்.

பலகை றொனியின் தாடையில் பட்டு முறிந்தது. பெட்டி சரிந்து ஐஸும் மத்தி மீனும் தெருவெல்லாம் பரவின. றொனி சுழன்றான், இடக் கண்ணில் ஐஸ் தண்ணீர் வழிய, மற்றக் கண்ணில் தெரிந்த இரண்டு மூன்று நிழல்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் குத்தினான். அது பந்தலைத் தாங்கிய இரும்புக் கம்பம். விரல் எலும்பு உடைந்த சத்தம், இறைச்சிக் கடைக்காரனையே திரும்பிப் பார்க்க வைத்தது. அலறிக்கொண்டு மற்றக் கையால் துழாவினான். சிவபாலனின் தொண்டை அகப்பட்டது. இழுத்து நெற்றியால் ஒரு முட்டு. இலாஸ்ரிக் அறுந்தது. கண்ணாடி பறந்தது. இருவரும் மீன் பரப்பிய மேசையோடு சரிந்தார்கள். மூக்கு வாள் போல நீண்ட பெருமீன் ஒன்றின் தலை கூடவே விழுந்து, சிவபாலனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது.

"வெளியே போய்க் கொல்லுங்கள்!" என்று கத்தினான் முதலாளி. "தராசுக்குப் பக்கத்தில் வேண்டாம்!"

இரத்தமும் ஐஸ் தண்ணீரும் ஒன்றாக ஓடின. றொனி மேலே ஏறியிருந்து முழங்காலை நெஞ்சில் ஊன்றிக் குத்தினான். ஒன்று கல்லில், ஒன்று காதில், ஒன்று வாயில். சிவபாலனின் கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கில் உருண்டது. ஒரு கிழவி குனிந்து, "நசிந்த மத்திக்குப் பாதி விலைதானே?" என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது சிவபாலன் அடிப்பதை விட்டான். கையை நீட்டி, உள்ளங்கையால் றொனியின் இடக் கண்ணைப் பொத்தினான். மற்றக் கையால் அவன் பிடரியைப் பிடித்து விடாமல் அழுத்தினான். இருவருக்கும் இடையில் அந்த நேரம் நல்ல கண் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அவன் பொத்தியிருந்தான்.

"சொல்லடா! இப்ப என்ன தெரியுது? என்ரை முகம் தெரியுதே?"

றொனியின் முட்டி அந்தரத்தில் நின்றது.

"கையை எடடா."

"எடுக்கமாட்டன். சொல்லு. நான் ஆரெண்டு தெரியாமல்தானே சிஞ்ஞோரா எண்டனி?"

றொனியின் வாயிலிருந்து ஒழுகிய இரத்தம் சிவபாலனின் கழுத்தில் சூடாக விழுந்தது. பிறகு, சந்தைச் சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி, றொனி சொன்னான்: "புகைதான் தெரியுது. ஒரு வருசமா."

"அப்ப ஏனடா திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை? இப்ப உனக்குச் சொந்த லிப்ரெத்தோ இருக்கெல்லே?"

"முதலாளி மூண்டு சில்லு வண்டியை எனக்குத் தாறன் எண்டவன். கண் போட்டுதெண்டால் ஆரடா வண்டி தருவான்? நீ அண்டைக்கு அந்தாளுக்கு முன்னாலை வலப்பக்கம் பூட்டு எண்டு கத்துறாய்..."

கரப்பந்து வளவில் முதலாளி சிரித்த சிரிப்பு சிவபாலனுக்கு இப்போதுதான் வடிவாகக் கேட்டது. கையை எடுத்தான். யாரோ ஒரு வாளி ஐஸ் தண்ணீரை இருவர் தலையிலும் ஊற்றினார்கள்.

"எழும்படா" என்றான் சிவபாலன், பல்லைத் துப்பிவிட்டு. "என்ரை கண்ணாடியைத் தேடித் தா. உன்ரை கடிதம் ஒண்டு என்னட்டைக் கிடக்கு."

டொத்தோரெஸ்ஸாவின் காத்திருப்பறையில் கம்பளி உடுப்புப் போட்ட சீமாட்டிகள் இரண்டு கதிரை தள்ளி இருந்தார்கள். றொனியின் கை துணிக்கட்டில். சிவபாலனின் கண் வெள்ளை முழுக்க இரத்தம். இருவரிலும் மீன் வாடை. ஒரு வில்லை வெடித்த கண்ணாடியோடு சிவபாலன் உள்ளே போய்ச் சொன்னான்:

"டொத்தோரெஸ்ஸா, வலக் கண்ணின்ரை சொந்தக்காரனைக் கொண்டு வந்திருக்கிறன்."

அவள் லிப்ரெத்தோவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலெர்மோவில் பிறந்தவள், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். றொனியை இயந்திரத்தில் இருத்தினாள். அரை மணித்தியாலம் பார்த்தாள். லேசர் அவனுக்கு ஒருபோதும் கூடாது, ஆனால் ஒரு கடின வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தால் கூம்பை மறைத்துத் தெளிவாகக் காட்டும், வண்டியும் ஓட்டலாம், கண்ணைக் கசக்குவதை மட்டும் இன்றோடு விடவேண்டும் என்றாள். றொனி கசக்கப் போன கையை இறக்கினான்.

பிறகு சிவபாலனின் முறை. மருந்து விட்டு, கண்ணின் அடிவரைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"அதிர்ஷ்டம். பின்திரை கிழியவில்லை. கவனமாகக் கேளுங்கள். மைனஸ் ஒன்பதுக் கண் நீளமான கண்; பின்னால் மெல்லியது. லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் மாற்றும். கண்ணாடி இல்லாமல் தெரியும், உண்மை. ஆனால் உள்ளே அதே கண்தான். ஒரு குத்தில் பின்திரை கழன்றால் லேசர் வந்து காப்பாற்றாது. நாற்பது தாண்ட வாசிப்புக்குத் திரும்பக் கண்ணாடி வரும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கண் காயும். இதெல்லாம் தெரிந்துதான் வேண்டுமா?"

சிவபாலனுக்கு இது தன்னுடைய மொழியில் விளங்கியது. கடைக்கு முன்பலகை புதிதாக அடிக்கலாம். உள்ளே பழைய துணிதான். தட்டிவிட முடியாத கண் என்று ஒன்று விற்பனைக்கு இல்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் விமலராணியின் முகம் தெரியும். மழையில் பஸ் இலக்கம் தெரியும். மூக்கில் தழும்பு இருக்காது.

"வேணும்" என்றான்.

"அப்படியானால் உங்கள் அளவு சரி. கண்ணும் தகும். முகத்தில் ஒரு அடி கூடப் படாமல் ஆறு மாதம் இருந்து காட்டுங்கள். செய்கிறேன்."

"நாலு மாசம்?"

"ஆறு."

"அஞ்சு. நடுவிலை ஒரு சின்ன அறையைக் கணக்கிலை எடுக்காதேங்கோ."

"ஆறு. சின்ன அறையும் கணக்குத்தான்."

அவன் வாழ்க்கையில் விலை குறையாத முதல் கடை அது.

படியில் இறங்கும்போது றொனி சொன்னான்: "ஆறு மாசத்துக்கு நான் உன்னிலை கை வைக்கமாட்டன், அண்ணை. மாதா மேலை சத்தியம்." இரண்டு படி இறங்கி, "நீ கதைக்கிறதைப் பொறுத்து" என்று சேர்த்துக்கொண்டான்.

சிவபாலன் வாயைப் பூட்டினான். ஞாயிறு தோறும் விசில் மட்டும் ஊதினான். பஸ்ஸில் யாரும் காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்டான். மார்கழியும் தையும் மாசியும் போயின. விமலராணிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு வீட்டில் யாரோ இல்லாத மாதிரி இருந்தது. சாப்பாட்டைக்கூடப் பழிக்காமல் சாப்பிட்டான். "புளி கூடிப்போச்சோ?" என்று அவளே கேட்டாள். "இல்லை, நல்லாயிருக்கு" என்றான். அவளுக்கு அது பயமாக இருந்தது. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். சிஞ்ஞோரா மகளிடம், "இவனுக்கு என்ன கொடுத்தாய்? கல்யாண வீட்டில் செத்த வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறான்" என்று குறைபட்டாள்.

மாசியில் றொனியின் வில்லை வந்தது. பங்குனியில் முதலாளி வண்டியின் சாவியைக் கொடுத்தான். லேசருக்கு நாள் குறித்தாயிற்று: சித்திரை இருபத்தெட்டு, செவ்வாய்.

அதற்கு முந்திய ஞாயிறு. வெயில். வளவில் பழைய கூட்டத்தில் பாதி. வலது பக்கம் ஒரு பந்து உயர வந்தது. றொனி எம்பினான், பந்தின் தையலைக்கூடப் பார்த்த மாதிரி, நடு உச்சியில் அறைந்தான். எதிர்ப்பக்கத்தவன் காலுக்கிடையில் அது புழுதி கிளப்பியது. இறங்கி வந்து, மார்பை நிமிர்த்தி, நடுவரைப் பார்த்து நின்றான். எதையாவது சொல்லேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

சிவபாலனின் நாக்கில் ஒரு வசனம் வந்து குந்தியது. ஆறு மாதத்தில் வந்ததிலேயே நல்ல சரக்கு. விழுங்கினான். திரும்ப வந்தது. விசிலை வாயில் வைத்தான். விசிலையும் தள்ளிக்கொண்டு வந்தது.

விசிலைக் கழற்றினான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான். காதுக் கம்பிகளை மடித்து, சுவரோரம் இருந்த மங்கலான உருவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அது விமலராணிதான், கை சூட்டில் தெரிந்தது.

"என்னப்பா? இன்னும் ரெண்டு நாள்தானே?"

"டொத்தோரெஸ்ஸாவுக்குப் போன் எடு. நான் வரேல்லை எண்டு சொல்லு."

"கண்ணை விடப் போறியளோ?"

"வாயை விட ஏலாமல் கிடக்கு, ராணி. ஒண்டைத்தானே திருத்தச் சொன்னனி? ரெண்டையும் வச்சுக்கொண்டு சமாளிப்பம்."

அவள் கண்ணாடியைக் கைப்பையின் அடியில், லேஞ்சித் துணியில் சுற்றி, பத்திரமாக வைத்தாள். சிரித்தாளோ என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தூரத்தில் தெரியாது.

சிவபாலன் வளவின் நடுவுக்குத் திரும்பினான். மங்கலுக்குள் றொனி நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"எல்லாரும் கவனிச்சுக்கொள்ளுங்கோ! கண் வைத்தியரும் றொனியோடை சேர்ந்து விளையாடினபடியால் அது ரெண்டு பேருக்கு ஒரு புள்ளி. றொனிக்கு அரைதான்!"

வளவு வெடித்துச் சிரித்தது. ஆறு மாதச் சிரிப்பு. அதற்குள் வலை அதிர்ந்த சத்தமும் அவனுக்குக் கேட்டது. யாரோ அதற்குக் கீழே குனிந்து வருகிறான். இந்தத் தரம் குறி தப்பாது. கால்களை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டான்.